வழியச்சமும் வழிக்காப்பும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் பயின்றோர் ஒன்றை மறந்திருக்கமாட்டார்கள். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் பரிசிலின் சிறப்பை மட்டும் கூறி அமையவில்லை. வழியின் இடர்களையும் விரித்துரைக்கிறார். பன்றிக்கு வைத்த பொறி உண்டு, பாம்பு உறையும் குழி உண்டு, புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் விழக்கூடும், நீரோரப் பாறை வழுக்கும் என்று அவர் தரும் எச்சரிக்கைகள் பல. அஞ்சித் திரும்பிவிடுங்கள் என்று ஓரிடத்தும் அவர் கூறவில்லை. இடரை உள்ளவாறு அறிந்து நடக்கச் சொல்வதே ஆற்றுப்படையின் நெறி. அந்நெறி இன்றைய பயணியிடம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே எம் வினா.

தாம்பரம் பயணிகளின் ஊர். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து இங்குவரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல் இவ்வட்டாரத்தார் வாழ்வில் ஒரு பகுதி வழியிலேயே கழிகிறது. ஜி.எஸ்.டி. சாலை ஊரை ஊடறுத்துச் செல்கிறது. வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து முனையம். இத்தனை வழிகளுக்கு நடுவே வாழும் நாம் எப்பயணத்தை அஞ்சுகிறோம்? விமானம் ஏறும் உறவினரை வழியனுப்பக் குடும்பமே திரண்டு சென்று, துஆச் செய்து, கண்கலங்கி நிற்கிறது. அதே குடும்பத்து இளைஞன் தலைக்கவசமின்றி நாள்தோறும் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூருக்கு இருசக்கர வண்டியில் போய்வருகிறான். அவனை வாசல்வரை வந்து வழியனுப்புவார் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் மாண்டோர் 17,884 பேர் என்பது நடுவணரசின் கணக்கு.

மனக்கண்முன் எளிதில் வந்து நிற்பதையே மனிதன் அடிக்கடி நிகழ்வதாகக் கருதிவிடுகிறான் என்று டுவெர்ஸ்கி, கானமன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1973இல் எழுதினர். இதனைக் காப்பீட்டோடு பொருத்திக் காட்டும் அமெரிக்க ஆய்வொன்று 1993இல் வெளிவந்தது. விமானப் பயணத்தில் பயங்கரவாதச் செயலால் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர் என ஒரு சாராரைக் கேட்டபோது சராசரியாக 14 டாலர் என்றனர். எக்காரணத்தால் இறப்பினும் பணம் தரும் காப்பீட்டுக்கு மற்றொரு சாரார் கூறிய தொகையோ 12 டாலர்தான். இரண்டாவதற்குள் முதலாவது அடங்கியிருக்கிறது என்பதைச் சிறுவரும் அறிவர். எனினும் பெயர்சொல்லி அச்சுறுத்தும் இடருக்கே மனம் விலை கொடுக்கிறது. நம்மவரும் இதற்கு விலக்கல்லர். 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தின்மேல் ஏற்றி நிறுத்தினர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கண்ணில் நின்றன. அது நல்ல முன்னெச்சரிக்கைதான். ஆனால் காருக்குக் கிடைத்த அக்கறை காரோட்டிக்கும் கிடைத்ததா?

சென்ற கல்வியாண்டில் எம் துறை மாணவர் நாற்பதின்மரை மதுரைக்கு அழைத்துச் செல்ல இணையவழி இரயில் சீட்டு எடுத்தோம். கைப்பேசியில் பதிவு செய்த மாணவர், காப்பீடு வேண்டுமா என்ற வினா வந்ததும், "வேண்டாம் ஐயா, நல்ல காரியமாகப் புறப்படும்போது மவுத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?" என்றார். 2016 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தில் தற்போது தலைக்கு 45 பைசாதான். நாற்பதின்மர்க்கும் சேர்த்துப் பதினெட்டு ரூபாய். இரண்டு தேநீரின் விலை. உயிரிழப்புக்குப் பத்து இலட்சம், மருத்துவமனைச் செலவுக்கு இரண்டு இலட்சம் வரை கிடைக்கும். பணம் அன்று, அவ்வினாவே அவரை உறுத்தியது. கேட்காமலிருந்தால் வராது என்னும் எண்ணம் நம்பிக்கைபோல் தோன்றினும், சகுனம் பார்ப்பதற்கும் அதற்கும் வேற்றுமை மிகுதியில்லை.

இவ்விடத்தில் பெரியோர் சிலர் தவக்குலை எடுத்துக்காட்டுவர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என வினவிய பாலைவாசிக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்ததை அவர்களே நமக்குக் கற்பித்தனர். ஆயினும் வணிகக் காப்பீட்டில் ஐயத்திற்கிடமான ஒப்பந்தமும் வட்டியும் கலந்துள்ளன என்னும் மார்க்கத் தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி அதனைக் கூடாதென்று தீர்மானித்து, ஒருவர்க்கொருவர் நன்கொடையாக ஈந்து உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கில்லை; அது ஆலிம்களின் பணி. எனினும் ஒன்றைத் துணிந்து சொல்வோம். அத்தீர்மானம் காப்பே வேண்டாம் என்று கூறவில்லை, காப்பின் முறையை மாற்றச் சொன்னது. மார்க்கத்தை முன்னிட்டு மறுப்போர் மாற்றையும் தேடியிருத்தல் வேண்டும். தேடாதவர் மறுத்தது இடரை உணராமையாலேயே என்று கருத வேண்டியுள்ளது.

இடரை உணராமைக்கு இவ்வட்டாரமே சான்று. 2018 ஜூலை 24ஆம் நாள், மின்கம்பிப் பழுதால் விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட திருமால்பூர் வண்டியின் படியில் தொங்கிச் சென்றோர் பரங்கிமலை நிலையத்துச் சுவரில் மோதினர், ஐவர் மாண்டனர். 45 பைசாக் காப்பீடோ புறநகர் வண்டிக்கு இல்லை. இடர் மிகுந்த இடத்தில் வினாவே எழுவதில்லை!

ஆனால் சட்டம் கைவிடவில்லை. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீடு பெறும் உரிமை தருகிறது. 2017 ஜனவரி முதல் அத்தொகை எட்டு இலட்சம். மாதச் சீட்டு வைத்திருப்பவரும் பயணியே. சடலத்தருகே சீட்டு அகப்படவில்லை என்பதாலேயே கோரிக்கையைத் தள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. ஓராண்டுக்குள் இரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல் வேண்டும். துயரில் மூழ்கிய வீடுகள் அந்த ஓராண்டை அறியாமலே கடந்துவிடுகின்றன. குரோம்பேட்டையில் பாலமேறச் சோம்பித் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்க்கு இவ்வுரிமை கிட்டாது என்பதையும் மாணவர் அறிக.

வளைகுடா செல்வோர் செய்தி இன்னும் விந்தையானது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்குச் செல்லும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். ஈராண்டுக்கு 275 ரூபாயில் பத்து இலட்சம் காப்பு. பட்டம் பெற்றவர்க்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. ஆகவே காப்பீட்டுக் கட்டாயமும் இல்லை. கற்றவர் தாமே செய்துகொள்வர் என்று அரசு கருதியது போலும். எம்மிடம் பயின்று துபாய் சென்றோரைக் கேட்டபோது, செய்துகொண்டதாகச் சொன்னவர் மிகச் சிலரே.

வங்கிக் கணக்குள்ளோர்க்கு 2015 முதல் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா உண்டு. ஆண்டுக்கு இருபது ரூபாய். சாலை, இரயில் எவ்வகை விபத்தாயினும் உயிரிழப்புக்கு இரண்டு இலட்சம். இதனை ஏற்பவர் ஏற்கட்டும். மார்க்க ஐயமுடையோர்க்கு எம் கருத்து வேறு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜமாஅத்துகள் கூடி, பைத்துல்மாலோடு கலவாத தனி நிதியாக, திரும்பக் கேளாத நன்கொடையால் ஒரு வழிப்பயண உதவி நிதி அமைக்கலாம். விபத்து நேர்ந்த வீட்டுக்கு முதல் மாதச் செலவும், தீர்ப்பாயத்தில் மனு எழுதித்தர ஒரு வழக்கறிஞரும் அதிலிருந்து கிடைத்தால் போதும். உலமாக்களைக் கலந்து நிர்வாகிகள் இவ்வாண்டு ரமலானுக்கு முன்பே இதனைப் பேசலாம். கணக்கெழுதவும் மனுக்களைத் தமிழில் விளக்கிச் சொல்லவும் எம் துறை மாணவர் வருவர். முதலில் பெயர் கொடுத்தவர், மதுரைக்குச் சீட்டெடுத்த அதே மாணவர்.