இரண்டு கைகளையும் பாருங்கள்!

தறியில் உட்காருகிறவருக்குக் கை வலிப்பது அதிசயமா? அனகாபுத்தூரில் யாரைக் கேட்டாலும் "இல்லை" என்றே சொல்வார்கள். அடையாற்றங்கரையில் உள்ள இந்த நெசவாளர் ஊர், ஒரு காலத்தில் "மெட்ராஸ் கைக்குட்டை" என்ற பெயரில் நைஜீரியாவுக்குத் துணி அனுப்பியது. பிறகு வாழை நாரில் சேலை நெய்து பெயர் வாங்கியது. இங்குள்ள கைகளுக்கு வலி புதிதல்ல. ஆகையால், முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், "கொஞ்ச நேரம் நெய்வதற்குள் இடது கை ஓய்ந்து போகிறது" என்று சொன்னால், "தைலம் தேய்த்துக் கொள்" என்பதோடு விட்டுவிடுவார்கள். தலை சுற்றினால் ரத்தசோகை. லேசாகக் காய்ச்சல் அடித்தால் அசதி. உடம்பு இளைத்தால் கவலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது.

பெரும்பாலும் அந்தக் காரணங்கள் சரியாகவே இருக்கும். மிக அபூர்வமாக, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே வியாதி ஒளிந்திருக்கும். அதற்குத் தகயாசு நோய் என்று பெயர்.

1908-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கண் வைத்தியரான மிகிட்டோ தகயாசு, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தியின் கண்ணுக்குள்ளே ரத்தக் குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னிக் கிடப்பதைக் கண்டு சொன்னார். அதே போன்ற நோயாளிகளின் மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை என்று வேறு இரு வைத்தியர்கள் தெரிவித்தார்கள். "நாடியற்ற நோய்" என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

நடப்பது என்ன? கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படை, சொந்த ரத்தக் குழாய்களையே தாக்குகிறது. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியும் அதன் பெரிய கிளைகளும் அழற்சியால் தடிக்கின்றன. வாய்க்காலின் கரையே வீங்கி நீரோட்டத்தை மறிப்பது போல, உள்வழி குறுகுகிறது. கைக்குப் போகும் குழாய் குறுகினால் வேலை செய்யும்போது கை ஓயும். கழுத்துக் குழாய் குறுகினால் தலை சுற்றும், பார்வை மங்கும். சிறுநீரகக் குழாய் குறுகினால் இளம் வயதிலேயே ரத்தக் கொதிப்பு வரும். நம் நாட்டு நோயாளிகளிடம் இந்தக் கடைசி வகை அதிகம். கவனிக்காமல் விட்டால் பக்கவாதமும் இதயக் கோளாறும் வரலாம். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பிடிக்கிறது.

இதைச் சந்தேகிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு கைகளிலும் நாடியைப் பிடித்துப் பார்த்தால் போதும். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தத்தை அளந்தால் போதும். இரண்டுக்கும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்து, அளக்குந்தோறும் அது தொடர்ந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். ஆனால் நாம் செய்வதென்ன? ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது பழைய நாடி வைத்தியர்களின் வழக்கம். இன்றைய கிளினிக்குகளிலோ எந்தக் கை அருகில் இருக்கிறதோ அந்தக் கை! அடைபட்ட கையில் அளந்துவிட்டு, "அழுத்தம் குறைவு, உப்பைக் கூட்டிக்கொள்" என்று அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே கொதிக்கும் ரத்தக் கொதிப்பு மறைந்தே இருக்கும்.

முதன்முறை பரிசோதிக்கும்போது இரு கைகளிலும் அளக்க வேண்டும் என்று ரத்தக் கொதிப்புக்கான உலக மருத்துவ வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், அழுத்தம் அளக்கும் கருவியோடு பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்களுடைய நோட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்து, வலது, இடது என்று இரண்டையும் எழுதச் செய்ய வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அந்த வீட்டில் இளம் பெண் இருந்தால், அவளையும் ஒரு முறை அளந்துவிட்டுப் போகட்டும்.

"பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருகிற நோய்க்காக எல்லோரையும் சிரமப்படுத்துவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரு கை வித்தியாசம் இந்த ஒரு நோயை மட்டும் காட்டுவதில்லை. புகை பிடித்துக் குழாய் அடைபட்ட முதியவரையும் அது காட்டிக் கொடுக்கும். செலவு இல்லை, கூடுதலாக இரண்டு நிமிஷம்தான்.

சந்தேகம் வந்தால் அடுத்த படி என்ன? சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி என்னும் வாத நோய்ப் பிரிவு இருக்கிறது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் பார்க் நிலையத்தில் இறங்கிவிடலாம். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. நோய் வேகமாக இருக்கும்போதுகூட அது சில சமயம் சரியாகவே இருக்கும். ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்ப்பதே முடிவு சொல்லும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கணக்கான தகயாசு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். நோயின் வேகத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் ஒரு முறையையே நம் இந்திய வைத்தியர்கள் வகுத்து, 2013-ல் வெளியிட்டார்கள்.

சிகிச்சை உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. கூடவே காவல் படையை அடக்கும் வேறு மருந்துகள். அதற்கு முன் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அடைப்பை நீக்கும் அறுவையோ பலூன் சிகிச்சையோ தேவைப்பட்டால், கூடியவரை அழற்சி தணிந்த பிறகே செய்வார்கள்.

வீட்டார் மனத்தில் பதிக்க வேண்டியவை மூன்று. உடம்பு தேறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால் அது வாரம் ஒரு நாள் விழுங்கும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் குழந்தைக்கு ஆகாதவை. மற்றபடி, இந்நோய் உள்ள பெண்கள் பலர் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, வேலைக்கும் போய் வருகிறார்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயும் அல்ல.

உழைக்கிற பெண் "கை ஓய்கிறது" என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை கருவியோடு யார் வந்தாலும், ஒரு கையை அளந்து முடித்ததும், மற்றக் கையையும் நீட்டுங்கள்.