தேய்மானம்

பி.காம். படித்தவன் நான். தேய்மானத்தைக் கணக்கில் எழுதத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கையாலேயே போடவும் தெரிந்திருக்கிறது!

கறுப்புக் கார். செகண்ட் ஹேண்ட்தான்; தவணை மட்டும் புத்தம் புதுசு. வாராவாரம் மைக்ரோஃபைபர் துணியால் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். ஒரு நாள் வெயிலில் பார்த்தால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்!

டீடெய்லிங் கடைப் பையன் கேட்டான். "சக்கரம் எதுல துடைப்பீங்க சார்?"

"இதே துணிலதான்."

"துவைக்கிறது?"

"வேட்டியோட."

தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. பாலியெஸ்டரும் நைலானும் கலந்த, தலைமுடியைவிட மெல்லிய இழையாம். எதையும் கவ்விக்கொள்ளும். சக்கரத்து மணலைக் கவ்வினால் அதுவே உப்புத்தாள். வேட்டியோடு போட்டால் பஞ்சைக் கவ்வும். வாசனைக்கு கண்டிஷனர் ஊற்றினால் இழைமேல் படிந்து, தண்ணீரை உறிஞ்சாது. கொதிநீரும் அயர்ன்பாக்ஸும் ஆகவே ஆகாது. பாலிஷ் போடும் பேடை, பாலிஷ் காய்வதற்குள் அலசிவிட வேண்டும்.

இப்போது வீட்டில் மூன்று பழைய முறுக்கு டப்பாக்கள். பாடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. லிக்விட் சோப்பில் தனியாகத் துவைத்து, நிழலில் உலர்த்தி, மடித்து, மூடி வைக்கிறேன்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, என் புடவையும் உங்க பனியனும் பத்து வருஷமா ஒரே பக்கெட்லதான் ஊறுது. அதுக்கு ஒரு நாளாவது கவலைப்பட்டிருக்கீங்களா?"

நான் பதில் பேசவில்லை. கடைக்குப் போய் இன்னொரு பக்கெட் வாங்கி வந்தேன்.