பெயர்கள் பல, பொறுப்பு யாருக்கு?

கல்வித்துறை சார்ந்த வேலைவாய்ப்பு விளம்பரங்களை வாசிப்பவர்களுக்கு இன்று ஒரு மயக்கம் ஏற்படுவது இயல்பே. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர், கரிக்குலம் டெவலப்பர், லேர்னிங் டிசைனர், லேர்னிங் எக்ஸ்பீரியன்ஸ் டிசைனர் எனப் பதவிப் பெயர்கள் நீண்டு செல்கின்றன. ஓரிடத்தில் முதலாவது பெயரைத் தாங்கியவர் செய்யும் வேலையையே மற்றோரிடத்தில் மூன்றாவது பெயரைத் தாங்கியவர் செய்கிறார். ஒரே பெயருடைய இருவர் முற்றிலும் வேறுபட்ட பணிகளைச் செய்வதும் உண்டு.

உண்மையில் இவை இரு வேறு வேர்களிலிருந்து வந்த தொழில்கள். கலைத்திட்ட ஆக்கம் பாடசாலையில் பிறந்தது. எதைக் கற்பிப்பது, ஏன், எந்த ஒழுங்கில் என்பன அதன் கேள்விகள். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூல் அத்துறைக்கு அடித்தளமிட்டது. கற்பித்தல் வடிவமைப்போ படைமுகாமில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெருந்தொகையான படையினரை விரைவாகப் பயிற்றுவிக்க அமெரிக்கா உளவியலாளர்களை நாடியது. அவர்களுள் ஒருவரான ரொபேர்ட் கான்யே 1965இல் கற்றலின் நிபந்தனைகள் பற்றி எழுதினார். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க இராணுவத்துக்கென ஒரு படிமுறையை வகுத்தது. ‘எப்படிக் கற்பிப்பது’ என்பதே இந்தத் தொழிலின் தலையாய கேள்வி.

ஆனால் ‘எதை’ என்பதையும் ‘எப்படி’ என்பதையும் முற்றாகப் பிரிக்க முடியாது. டைலர் எழுப்பிய நான்கு கேள்விகளில் நோக்கம் பற்றியது ஒன்று மட்டுமே. கற்றல் அனுபவங்கள், அவற்றின் ஒழுங்கமைப்பு, மதிப்பீடு ஆகிய மற்றைய மூன்றும் இன்றைய வடிவமைப்பாளரின் அன்றாடப் பணிகளாகும். எனவே வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை நான் குறை கூறவில்லை. சிறிய பத்திரிகையில் செய்தி எழுதுபவரே ஒப்புநோக்குவதும் உண்டல்லவா? பெயர்கள் மயங்கும்போது பொறுப்பும் மறைந்துவிடுகிறது என்பதே எனது கவலை.

இலங்கையின் அனுபவத்தைப் பாருங்கள். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் ஆக்குகிறது. 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடுகிறது. பரீட்சை வேறொரு திணைக்களத்தின் கையில். 2007இல் தரம் 6இலும் தரம் 10இலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கப்பட்டது. ‘கலைத்திட்டம்’ என்று பெயரிடப்பட்டாலும், ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் முறையும் அதனுடன் வந்தது. நெரிசலான, உபகரணமில்லாத வகுப்பறையில் அது எப்படி நடக்கும் என்பதற்கு விடை கூறவேண்டியவர் யார்? பாடத்திட்டம் எழுதியவரா, பயிற்சி அளித்தவரா, பாடநூல் ஆக்கியவரா? இறுதியில் பழி ஆசிரியரின் தலையிலேயே விழுகிறது.

தமிழ்மொழி மூலத்தில் இச்சிக்கல் இன்னும் ஒருபடி ஆழமானது. சிங்களத்தில் வரையப்பட்ட ஒரு பாடத்தைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் சொற்களை மட்டும் மாற்றுவதில்லை. கலைச்சொல்லைத் தெரிவு செய்கிறார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் ஹட்டன் தோட்டத்துப் பிள்ளைக்கும் புரியும் உதாரணத்தைத் தேடுகிறார். பயிற்சிகளைத் திருத்தி எழுதுகிறார். இது வடிவமைப்புப் பணியன்றி வேறென்ன? ஆயினும் அவருக்குரிய பெயர் ‘மொழிபெயர்ப்பாளர்’. அந்தப் பெயருக்கு அளந்த கால அவகாசமும் ஊதியமுமே அவருக்குக் கிடைக்கும். ‘இந்தப் பாடம் இப்படியே பொருந்தாது’ என்று மறுத்துரைக்கும் உரிமை அந்தப் பெயருக்குள் அடங்குவதில்லை.

ஆகவே பெயர்களைச் சீர்ப்படுத்த மாநாடு கூட்டுவதால் பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருந்தால் போதும். எதைக் கற்பிப்பது என்று தீர்மானிப்பவர் யார்? எப்படி என்று தீர்மானிப்பவர் யார்? பிழைத்தால் மாற்றும் அதிகாரம் யாருக்கு? கனடாவிலோ பிரித்தானியாவிலோ இத்துறையில் வேலை தேடும் நம் இளைஞர்களும் நேர்முகத் தேர்வில் இவற்றையே கேட்க வேண்டும். பதவிப் பெயர் சொல்லாததை அந்த விடைகள் சொல்லிவிடும்.

பத்திரிகையின் மூலையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் யார் என்று ஒரு சிறிய வரி இருக்கும். வாசகர் அதைப் படிப்பது அரிது. தவறு நேரும்போது யாரிடம் போவது என்பதை அந்த வரியே சொல்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் பாடங்களுக்கும் அத்தகைய ஒரு வரி வேண்டும்.