மஜ்ஜை சிகிச்சை: எப்போது, யாருக்கு?

இடுப்பு மூட்டு பழுதாகி முப்பது, நாற்பது வயதிலேயே தாங்கித் தாங்கி நடப்பவர்களைக் குறிவைத்து இன்று 'ஸ்டெம் செல்' விளம்பரங்கள் பெருகிவிட்டன. சொந்த மஜ்ஜையை எடுத்து இடுப்புக்குள் செலுத்தினால் எலும்பு மீண்டும் வளரும், மூட்டு மாற்ற வேண்டியதில்லை என்கிறார்கள். யாருக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு மடிவதை 'ஏ.வி.என்.' என்கிறோம். எலும்பு முறிவு, ஸ்டீராய்டு, அளவுமீறிய குடி, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை முக்கியக் காரணங்கள். கரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு பெற்ற மூவருக்கு இந்நோய் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர்.

மடிந்த எலும்பைப் புதுப்பிக்க வேண்டியவை மஜ்ஜையில் உள்ள ஆதார செல்கள் (ஸ்டெம் செல்கள்). அவற்றால் எலும்பை உருவாக்க முடியும் என்று 1960களில் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டீன். ஆனால், இந்நோயாளிகளிடம் அந்தச் செல்கள் எப்படி இருக்கின்றன? பாரிஸை அடுத்த கிரெத்தேய் நகர மருத்துவர் ஃபிலிப் எர்னிகு 1990களில் எண்ணிப் பார்த்தார். ஸ்டீராய்டாலும் மதுவாலும் நோய் வந்தவர்களுக்கு, சிகிச்சைக்காக மஜ்ஜை உறிஞ்சப்படும் இடுப்பெலும்பு விளிம்பிலேயே அவை குறைந்திருந்தன. இருக்கிற செல்களும் எலும்பாவதை விட்டுக் கொழுப்பாக மாற ஸ்டீராய்டும் மதுவும் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. விதைநெல்லிலேயே பதர் கலந்த கதை இது. அதனால்தான் மஜ்ஜையை அப்படியே செலுத்தாமல், செறிவூட்டிச் செலுத்துகிறார்கள்.

செறிவூட்டினாலும் காலம் தவறினால் பலனில்லை. எர்னிகு 2002இல் வெளியிட்ட முடிவுகளில், பந்து நொறுங்குவதற்கு முன் சிகிச்சை பெற்ற 145 இடுப்புகளில் 9க்கு மட்டுமே பின்னர் மூட்டு மாற்று தேவைப்பட்டது. நொறுங்கிய பின் சிகிச்சை பெற்ற 44இல் 25க்கு மாற்ற வேண்டியிருந்தது. அதிகச் செல்களைப் பெற்றவர்களுக்கே பலனும் கூடுதல். இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது உண்மை. ஆனால், நொறுங்கிய பந்துகளில் மஜ்ஜையைச் செலுத்தி, முறையான ஒப்பீட்டுடன் பெல்ஜிய மருத்துவர்கள் நடத்திய சோதனையும் பலனில்லை என்றே 2018இல் முடிந்தது.

எனவே, முதல் சிகிச்சை சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான். ஸ்டீராய்டு எடுத்தவருக்கோ குடிப்பழக்கம் உள்ளவருக்கோ தொடை இடுக்கில் வலி நீடித்தால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. ஆரம்பக் கட்டத்தை எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

மஜ்ஜை சிகிச்சைக்குக் கையெழுத்திடும் முன் நோயாளி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: என் பந்து நொறுங்கிவிட்டதா? நோய்க்குக் காரணம் என்ன? எடுக்கும் மஜ்ஜையில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்று எண்ணுவீர்களா? இவற்றுக்கான பதிலை எழுத்தில் தருவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். பந்து நொறுங்கியவருக்கு மஜ்ஜையின் பெயரால் நம்பிக்கையை விற்பது மருத்துவம் ஆகாது; வலியும் முடக்கமும் மிகுந்தால் நல்ல செயற்கை மூட்டே அவருக்கு உரிய சிகிச்சை.

- கட்டுரையாளர், எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர்.