புகைக்குக் கணக்குக் கேட்போம்!

"விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது, பயணிகள் அனைவரும் நலம்." இந்த ஒற்றை வரியோடு வானில் எழுந்த புகைக்குச் சமாதி கட்டிவிடுவது விமான நிறுவனங்களின் வழக்கம். அச்சமாதியைத் தோண்டிப் பார்க்கும் உரிமை பயணிக்கு உண்டு என்பது எமது வாதம்.

பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இயந்திரத்துள் அமுக்கப்பட்ட காற்றிலிருந்து ஒரு பகுதியே குளிரூட்டப்பட்டு, சுவாசிப்பதற்காக உள்ளே விடப்படுகிறது. எண்ணெய்த் தடுப்பு தேய்ந்தால் எண்ணெய் அக்காற்றிற் கலக்கும், புகை எழும். நீரிறைக்கும் இயந்திரம் நீலப்புகை கக்கினால் உள்ளே எண்ணெய் எரிகிறதென்பதைத் தம்பலகாமத்து உழவன் அறிவான். புகையைக் கையால் விசிறிவிட்டு அவன் வாளாவிருப்பதில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறான்.

2022 அக்டோபர் 12ஆம் நாள் கோவாவிலிருந்து ஹைதராபாத் சென்ற ஸ்பைஸ்ஜெட் கியூ400 விமானத்துள் புகை சூழ்ந்தது. விமானம் பத்திரமாகவே இறங்கியது. எனினும் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அத்துடன் ஓயவில்லை. இயந்திரக் காற்றின் வால்வில் எண்ணெய் இருந்தமையும், அது குளிரூட்டலுட் புகுந்தமையும் கண்டறியப்பட்டன. சேவையிலிருந்த அந்நிறுவனத்தின் கியூ400 விமானங்கள் அனைத்தினதும் எண்ணெய் மாதிரிகளை 15 நாட்களுக்கொருமுறை சோதனைக்கு அனுப்புமாறு ஆணை பிறந்தது. காரணமும் ஆணையும் ஊரறிய வெளியாகின.

இறங்கிய பின் அச்சமேன் என்பார்க்கு 1980 ஆகஸ்ட் 19 விடை கூறும். பொருட்கூடத்தில் தீப்பற்றிய சவூதியா விமானம் றியாத்தில் ஒழுங்காகவே இறங்கியது. உரிய நேரத்திற் கதவுகள் திறக்கப்படாமையால் உள்ளிருந்த 301 பேரும் மாண்டனர்!

இந்தியாவிலும் அரேபியாவிலும் நடந்ததற்குத் திருகோணமலையில் ஏன் கூக்குரல் என்பர் சிலர். மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் பறப்போர் யார்? எம்மக்கள் அல்லரோ? சீனக்குடா ஓடுபாதையில் இறங்கும் விமானமும் இதே வானில்தானே பறக்கிறது?

1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, மீண்டும் நிகழாது தடுப்பதே என்கிறது. அவ்வாறாயின் அறிக்கையை மறைப்பானேன்?

நாம் கேட்பவை மூன்று. புகை எழுந்த ஒவ்வொரு நிகழ்வையும் விமான நிறுவனத்தையோ உரிமம் வழங்கும் அதிகாரத்தையோ சாராதோர் விசாரிக்க வேண்டும். முடிவு வெளியாக வேண்டும். அது தமிழிலும் அதே நாளில் வெளியாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. இது சலுகையன்று, சட்டம்!

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. இனி இந்நாட்டு விமானத்திற் புகை எழுந்ததென அறிந்தால், தமிழிலேயே எழுதிக் கேட்போம். மௌனம் சாதித்தால், மேன்முறையீடு செய்வோம்.