தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஒரு புடவை எடுத்தோம்

ஹாஸ்டலில் என் ரூம்மேட் மதுரைக்காரன். அவன் அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனப்போ என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. "தேசூர்ல தறி ஓடுற வீட்டுப் புள்ள, ஜரிகையைப் பார்த்துச் சொல்லுய்யா"ன்னு அவங்க அம்மா சொன்னாங்க. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. எல்லோரும் புடவையை விரிச்சுப் பார்த்துட்டு இருக்க, தாத்தா மட்டும் கூரையையே அண்ணாந்து பார்த்துட்டு நின்னார். "இங்கனதான்யா தங்கம் தியேட்டரு இருந்துச்சு. எம்புட்டு நேரம் வரிசையில நின்னுருக்கோம்."

நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. நீங்களும் மதுரைப் பக்கம் இல்லைன்னா கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

1952 தீபாவளிக்கு, சிவாஜி கணேசனின் முதல் படமான 'பராசக்தி'யோட திறந்த தியேட்டர் அது. மொத்தம் 2,563 இருக்கை. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்னு மதுரையில் சின்னப் பையன்கூடச் சொல்வான். அந்த ஆசியாக் கணக்கை விடுங்க, 2,563-ஐ மட்டும் யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு மூணு காட்சி ஓட்டினாலே 7,689 பேர். எங்க தேசூர் பேரூராட்சியே திரண்டு போனாலும் ரெண்டு நாளில் எல்லாரும் படம் பார்த்துட்டு ஊர் திரும்பிடலாம்.

நம்ம படிப்புக்கும் இதில் வேலை இருக்கு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். திரையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவன் காதுக்கு வசனம் வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஃபிலிமில் நொடிக்கு 24 சட்டகம். அப்படின்னா கடைசி வரிசைக்காரனுக்கு சிவாஜியோட உதடு ரெண்டு சட்டகத்துக்கு மேல முன்னாடியே போயிருக்கும். அவ்வளவு பெரிய அரங்கில் பேச்சு எதிரொலிச்சுக் குழம்பாம இருக்க சுவரில் என்ன பூசணும், கூரையை எப்படிச் சாய்க்கணும், ஆயிரக்கணக்கான உடம்பு எவ்வளவு ஒலியை உறிஞ்சும்னு யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கணும், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில். புரொஜெக்டர் ரூமில் கார்பன் குச்சி எரியும். ரெண்டு மெஷினை மாத்தி மாத்தி ஓட்டணும். ஆயிரம் அடி ஃபிலிம் 11 நிமிஷத்தில் தீர்ந்துடும். திரையோட மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும், அதைப் பார்த்து ஆபரேட்டர் அடுத்த மெஷினுக்குத் தாவணும். இன்னிக்கு அந்த வேலையை ஒரு சர்வர் பார்க்குது. அந்தக் கை இருந்தவங்க நம்ம ஊர்களில் இன்னும் சிலர் இருக்காங்க.

1990-களில் தங்கத்தில் படம் ஓடுறது நின்னுபோச்சு. பல வருஷம் பூட்டியே கிடந்து, அப்புறம் இடிச்சாங்க. காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. வீட்டுக்குள்ள டிவி வந்தது, கேபிள் வந்தது. முன்னாடி ஒரு படத்துக்கு ஊருக்கு ஒண்ணு ரெண்டு பிரிண்ட்தான், நூறு நாள் ஓடினாதான் எல்லாரும் பார்த்து முடிப்பாங்க. இப்போ ஒரே நாளில் நூத்துக்கணக்கான திரையில் வெளியாகி ரெண்டு வாரத்தில் கதை முடியுது. 2,563 இருக்கையை யார் வந்து நிரப்புவாங்க? நகரத்து நடுவில் நிலத்தோட விலை வேற.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். "ஐயோ, தியேட்டரை இடிச்சு ஜவுளிக்கடை கட்டிட்டாங்களே"ன்னு எழுத எனக்கு வாய் வரல. எங்க வீட்டுத் தறியில் ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு பட்டுப்புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அது இந்த மாதிரி ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தாதான் எனக்கு செமஸ்டர் ஃபீஸ். தீபாவளிக்கு ஜனங்க தியேட்டர் வாசலில் நின்ன நேரத்திலும் எங்க ஆளுங்க தறிக்குழியை விட்டு எழுந்திருக்கலை, அதுதான் எங்களுக்கு சீசன். அந்தக் கடையை நான் எப்படித் திட்டுவேன்?

பழைய தியேட்டரைப் பத்தி உருகுறவங்க மூட்டைப்பூச்சியையும் பிளாக் டிக்கெட்டையும் மறந்துடுறாங்க. தரை டிக்கெட்டுக்காரன் ஒரு வாசல், பால்கனிக்காரன் வேற வாசல்னு இருந்ததையும் மறந்துடுறாங்க. ஆனா வாசல் வேறன்னாலும் கூரை ஒண்ணு, விசில் ஒண்ணு. இப்போ மால் உச்சியில் இருக்கிற தியேட்டருக்கு எங்கப்பா வரமாட்டார். காசு ஒரு காரணம். உள்ளே எப்படி நடந்துக்கணும்னு தெரியலைங்கிற கூச்சம் இன்னொரு காரணம். அவரை உள்ளே விடாதவங்க யாரும் இல்ல, அவரா போறதில்ல. நான் இழப்புன்னு சொல்றது இதைத்தான்.

எல்லாத் தியேட்டரையும் காப்பாத்தணும்னு நான் கேட்கலை. சென்னையில் வார்விக் மேஜர் 1913-ல் கட்டின எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிக்குது, ஏன்னா தபால் துறை அதை எடுத்துக்கிச்சு. அண்ணா சாலையில் தபால்தலை விக்கிற இடம் அது. அப்படி ஒரு அதிர்ஷ்டம் எல்லாத்துக்கும் அமையாது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டின வெரைட்டி ஹாலுக்கு அமையலை, சாலைக்குப் பேர் மட்டும் இருக்கு. ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி அளந்து வைக்கலாமில்ல? தாத்தா கூரையைப் பார்த்துட்டு நின்னப்போ, "திரை எந்தப் பக்கம் இருந்துச்சு"ன்னு கேட்டேன். இந்தப் பக்கம்னு கை காட்டினார். அப்புறம் இல்ல, அந்தப் பக்கம்னார். 2,563 பேர் உட்கார்ந்த இடத்துக்கு எங்ககிட்ட இருந்த வரைபடம் அவர் விரல் மட்டும்தான்.

நம்ம காலேஜில் சர்வே எடுக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்க. டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிட்டு கிரவுண்டைச் சுத்திச் சுத்தி அளக்குறீங்க, அந்த கிரவுண்ட் எங்கேயும் போகப் போறதில்ல. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறப்போ, உங்க ஊரில் ஒத்தைத் திரைத் தியேட்டர் மிச்சம் இருந்தா முதலாளிகிட்ட அனுமதி கேட்டுட்டு உள்ளே போங்க. நீளம், அகலம், கூரைச் சாய்வு, புரொஜெக்டர் ஜன்னல் எங்கே இருக்குங்கிறது எல்லாம் எழுதுங்க. ஆபரேட்டர் அண்ணன் இருந்தா அவர் சொல்றதை போனில் பதிவு பண்ணுங்க. டேப் போதும், மெஷின் வேணாம். எனக்கும் துணைக்கு ஒரு ஆள் வேணும், டேப்போட மறுமுனையைப் பிடிக்க. வந்தவாசிப் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, சேர்ந்து போவோம்.