பேட்டையில் விளக்கு எரியட்டும்!

பெங்களூர் வளர்கிறது, பெங்களூர் வளர்கிறது என்று நாள்தோறும் கேட்கிறோம். எங்கே வளர்கிறது? ஆனேக்கல் வட்டத்தில் வாழும் நமக்கு அதை ஒருவர் சொல்லித் தர வேண்டுவதில்லை. நேற்று ராகி விளைந்த கொல்லையில் இன்று பத்து மாடி. சந்தாபுரம், ஜிகணி, அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று நகரம் விளிம்பிலே வீங்கிக்கொண்டே போகிறது. ஆனால், அந்நகரத்தின் பிறப்பிடமான நடுவூர் மக்கள் குடியிருக்கத்தக்க இடமாக இருக்கிறதா? நண்பர்களே, இதைத்தான் நாம் கேட்க மறந்தோம்.

1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் அமைத்த பேட்டையைச் சொல்கிறேன். சிக்கபேட்டைத் தெருவும், இன்று அவென்யூ ரோடு எனப்படும் தொட்டபேட்டைத் தெருவும் சந்திக்கும் சதுக்கமே அன்று ஊரின் நடு. அரிசிக்கு அக்கிப்பேட்டை, குயவர்க்குக் கும்பாரப்பேட்டை, தமிழ் வழிவந்த தோட்டக்காரர்களாகிய திகளர்க்குத் திகளரபேட்டை. முன்னே கடை, பின்னே வீடு. உழைப்பும் உறக்கமும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஊர் அது. திகளர்கள் எடுக்கும் கரகம் இன்றும் சித்திரை முழுநிலவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்பட்டு, காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறது. ஆனேக்கல் கரகத்தைக் கண்டவர்களுக்கு அந்த உறவு புரியும்.

அந்த ஊர் ஏன் இளைத்தது? 1898-இல் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான தெருக்களை விட்டு வெளியேற மக்கள் துடித்தனர். பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற வீதிகளோடு எழுந்தன. வசதி படைத்தவர் போயினர். வணிகம் மட்டும் தங்கியது. பிறகு வீட்டின் முன்கட்டு கடையாயிற்று, பின்கட்டும் கடையாயிற்று, மாடி கிடங்காயிற்று. எஞ்சிய குடும்பங்கள் சரக்கு மூட்டைகளுக்கு மேலே குடியிருக்கின்றன.

இதன் விலை என்ன? 2025 ஆகஸ்டில் நகரத்தபேட்டையில் தீப்பிடித்தது. தரைவிரிப்புத் தொழில் நடந்த கட்டடம் அது. மேல்மாடியில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்பட ஐவர் மாண்டனர். 'நடுவூரில் மக்களைக் குடியேற்றுவோம்' என்று எழுதுமுன், ஏற்கெனவே குடியிருப்பவரைக் காக்கும் வழியை எண்ண வேண்டாமா?

தாவர இயலிலே ஓர் உண்மை உண்டு. மரம் புறத்தேதான் வளர்கிறது. ஆயினும் நடுவிலே உள்ள வைரம் அதைத் தாங்குகிறது. வைரம் உளுத்த மரமும் பச்சை இலையோடு சில காலம் நிற்கும். பெருங்காற்று வரும்போதுதான் அதன் வெறுமை தெரியும். நகரமும் அப்படியே. புறநகரிலே புது வீடு கட்டிவிட்டுக் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கிறோம். பேட்டையிலோ குழாய், சாக்கடை, மருத்துவமனை, சந்தை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2017 ஜூனில் சிக்கபேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டதால், நம் வட்டத்திலிருந்தே வண்டி மாறிப் பேட்டையை அடையலாம். சாமான் வாங்கப் போகிறோம், வாங்கியதும் திரும்பிவிடுகிறோம். அங்கே வாழ யாரும் போவதில்லை.

ஏன் போவதில்லை? முதற்காரணம் பணம். குடும்பம் தரும் வாடகையைவிடக் கிடங்கு தரும் வாடகை மிகுதி. எந்த உரிமையாளர் குறைந்ததை விரும்புவார்? இரண்டாவது, உரிமைச் சிக்கல். பாட்டனார் கட்டிய வீட்டுக்குப் பேரர்கள் பலர். ஒருவர் பழுதுபார்க்க விரும்பினால் மற்றவர் ஒப்புவதில்லை. மூன்றாவது, தெருவின் அமைப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தீயணைப்பு வண்டி நுழையத் திணறும் சந்துகள்.

'எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பலாமே!' என்பர் சிலர். அப்போது மூட்டை தூக்கும் தோழன் எங்கே போவான்? 'மொத்த வணிகத்தை வெளியேற்றினால் போதும்' என்பர் வேறு சிலர். சென்னையில் கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. ஜார்ஜ் டவுனின் நெரிசலோ அதனால் மறைந்துவிடவில்லை. 'பழமையைக் காப்போம்' என்பர் மற்றும் சிலர். சிங்கப்பூர் 1989-இல் சைனாடவுனையும் லிட்டில் இந்தியாவையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக்கியது, சுவர்கள் பிழைத்தன. ஆனால் அங்கே வாழ்ந்த குடும்பங்களுள் பல அதற்கு முன்பே அரசுக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டிருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1999-இல் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாக்க விதிகளைத் தளர்த்தியது. நடுவூரில் ஆயிரக்கணக்கில் வீடுகள் தோன்றின. ஆனால் சில தெருக்கள் தள்ளி ஸ்கிட் ரோவில் வீடற்றோர் நடைபாதையில் படுத்திருக்கும் நிலை மாறவில்லை. வீடு பெருகினாலும், அது யாருக்கு என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கிறது.

ஆகவே, என் கருத்து இது. முதலில், எளிதில் தீப்பற்றும் சரக்குக்கு மனிதர் உறங்கும் கட்டடத்தில் இடமிருக்கக் கூடாது. அடுத்து, மேல்மாடிக் கிடங்கை மீண்டும் வீடாக்கும் உரிமையாளருக்கு வரியிலும் அனுமதியிலும் சலுகை வேண்டும். இழப்பு நேருமென்றால் அறிவுரையால் யாரும் அசையார். மூன்றாவது, திருத்த வேலை தொடங்குமுன்பே இன்றைய வாடகைக் குடிகளுக்குத் திரும்பிவரும் உரிமையை எழுத்தில் தர வேண்டும். இம்மூன்றில் மூன்றாவதை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்தால், அது ஏழையை வெளியேற்றும் அலங்காரமாகவே முடியும். 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. சிக்கபேட்டை மத்திய மாநகராட்சியைச் சேர்ந்தது. பேட்டை முழுவதையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரு தெருவை எடுத்துச் செய்து காட்டட்டும்.

'வந்தேறிகளாகிய நமக்கு இதில் என்ன?' என்று கேட்கலாம். பேட்டையே வந்தவர்களால் ஆன ஊர்தான், திகளரபேட்டையே சான்று. நாளை வேலை கிடைத்ததும் நாமும் வீடு தேடுவோம். விளிம்புக்கு அப்பால் இன்னொரு விளிம்பில், சம்பளத்தில் ஒரு பகுதியையும் நாளில் மூன்று மணி நேரத்தையும் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு வாழப்போகிறோமா? விடுமுறையில் நம்மிலே பத்துப் பேர் கூடினால் போதும். ஒரு தெருவில் எத்தனை மாடிகள் கிடங்கு, எத்தனை மாடிகள் வீடு, எத்தனை வீட்டுக்கு இரண்டாம் வழி உண்டு என்று கணக்கெடுத்துவிடலாம். கணக்கு இல்லாத கோரிக்கையை எந்த அலுவலகமும் மதிக்காது.

1905 ஆகஸ்டில் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூருக்கு வந்தபோது, முதல் விளக்குகள் எரிந்தது பேட்டைச் சந்தைப் பக்கத்தில்தான். அந்தத் தெருக்களின் மேல்மாடிகளில் இனிக் குழந்தைகள் அச்சமின்றிப் படிக்கும் விளக்குகள் எரியட்டும்!